முயலுக்கு எந்தப் புல்பூண்டு போடலாம்? வன்னியில் புதிதாக முயல் வளர்ப்பவர்களுக்கு

"ஆடு தின்னுறதை முயலுக்கும் போடலாம்" என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஆடு அசைபோடும் விலங்கு. சில நஞ்சுகளை அதன் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களே உடைத்துவிடும். முயலின் வயிறு அப்படியில்லை, வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. வேலியில் நிற்கும் கிளிசரிடியாவை ஆடு விரும்பித் தின்னும். அதே மரத்தின் பட்டையையும் விதையையும் மத்திய அமெரிக்காவில் எலிக்கு நஞ்சாக வைப்பார்கள். இபில் இபில் மரத்தின் இலையை அதிகம் தின்ற முயலுக்கு மயிர் கொட்டும்.

சரி, முதலில் எங்கே வெட்டுவது என்று பாருங்கள். சொந்த வளவுதான் நல்லது. காலபோகம் (மாரிகால நெற்செய்கை) நடக்கும்போது வயல் வரம்புப் புல்லை விட்டுவிடுங்கள், களைநாசினி பட்டிருக்கலாம். தெருவோரமும் நாய் திரியும் இடமும் வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள், புல் எவ்வளவு செழித்திருந்தாலும், கால் வைக்கக் கூடாது.

அடுத்தது, நல்ல பூண்டைத் தேடுவதற்கு முன் நஞ்சுச் செடிகளைப் பழகுங்கள். மாரி மழையோடு வேலியில் ஏறும் கார்த்திகைப்பூக் கொடியில் கிழங்கு முதல் விதை வரை எல்லாமே கொடிய நஞ்சு. பூக்காத காலத்தில் இலை நுனியைப் பாருங்கள், பற்றிப் பிடிக்கும் சுருளாக நீண்டிருக்கும். ஊமத்தை, ஆமணக்கு, எருக்கலை, நாயுண்ணி, குன்றிமணி, அலரி எதுவும் கூட்டுக்குள் போகக் கூடாது. அலரி இலை காய்ந்தாலும் நஞ்சு போகாது. பூனை வேரை மோந்து புரளும் குப்பைமேனி முயலின் இரத்தத்தைக் கெடுக்கும். பார்த்தீனியத்தின் இளம் செடி கரட் இலை போலவே இருப்பதால் புதியவர்கள் ஏமாறுவது இதில்தான். பூ வந்தால் சின்னச் சின்ன வெள்ளை மொட்டுக் கூட்டம் தெரியும். கிள்ளினால் பால் வடிகிற எந்தச் செடியையும் தொடக்கத்தில் ஒதுக்கிவிடுங்கள். பால் வடியாததெல்லாம் நல்லது என்றும் எண்ண வேண்டாம், ஊமத்தையில் பால் இல்லை.

அறுகம்புல்லில் தொடங்குங்கள். தீவனத்தின் பெரும்பகுதி எப்போதும் புல்லாகவோ காய்ந்த புல்லாகவோ இருக்கட்டும். அதோடு மூக்குத்திப்பூண்டு கொடுக்கலாம். சொரசொரப்பான இலை, நீளக் காம்பில் ஒற்றைப் பூ, கிணற்றடியில் தாராளமாகக் கிடைக்கும். முயல் ஆசையாகத் தின்னும். முள்ளுக்கீரையும் சாரணையும், கூடினால் கெடுதி செய்யும் ஒக்சலேட்டு என்ற உப்பு உள்ளவை, எப்போதாவது ஒரு பிடி போதும். பெயர் தெரியாத செடியைப் பூவோடு பிடுங்கி, ஊரில் மூலிகை தெரிந்த பெரியவரிடம் காட்டுங்கள். அவரும் தயங்கினால் எறிந்துவிடுங்கள்.

புதிய பூண்டு ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் இரண்டு மூன்று இலை. மறுநாள் புழுக்கை உருண்டையாகவும் உலர்ந்தும் இருந்தால் மெல்லக் கூட்டலாம். இளகியிருந்தால் அந்தப் பூண்டை நிறுத்தி, வெறும் புல் கொடுங்கள். மூன்று மாதம் ஆகாத குட்டிகளில் இந்தப் பரீட்சையே வேண்டாம்.

வெட்டிய புல்லைச் சாக்கில் அமுக்கி வைத்தால் சூடேறிப் புளிக்கும், முயலுக்கு வயிறு ஊதும். நிழலில் பரப்பி வையுங்கள்.

முயல் அரைநாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் மூலையில் குந்தியிருந்தால் கை வைத்தியம் பார்க்காமல், கடைசியாகப் போட்ட செடியில் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் போங்கள்.