சிஓபிடி இருப்பவர்கள் தடுமாறாமல் நிற்க

சிஓபிடி (மூச்சுவிடச் சிரமப்படுத்தும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்றால் மூச்சிரைப்பு மட்டும்தான் என்று நினைக்கிறோம், ஆனால் மூச்சு வாங்குமே என்று நடையைக் குறைக்கக் குறைக்கத் தொடைத்தசை மெலிந்து, சட்டெனத் திரும்பும்போது உடம்பு தள்ளாடுகிறது.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நாற்காலி போட்டு, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து 10 விநாடி நில்லுங்கள். சரி, அது பழகிவிட்டதா, ஒற்றைக் காலில். அப்புறம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஆரம்பத்தில் 5 முறை போதும். எழும்போது உதட்டைக் குவித்து மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், பலர் மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்துதான் கிறுகிறுத்துப் போகிறார்கள். தலை சுற்றினால் உடனே உட்காருங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருந்தால் அந்த நீளக் குழாய் காலில் சிக்கும், சுவரோரமாக ஒதுக்குங்கள். ஏற்கெனவே விழுந்தவர் தனியாகச் செய்ய வேண்டாம், முதலில் பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும்.