மதுரையில் ஒரு நாள்: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து இந்தியக் கோயில்களைப் பார்க்கப் போகிற பலருக்கு மதுரையில் கிடைப்பது ஒரே ஒரு நாள்தான். காலையிலேயே கோயில், அப்புறம் மற்றதெல்லாம். மீனாட்சி அம்மன் கோயில் மதியம் பன்னிரண்டரை போல நடை சாத்தினால் பின்னேரம் நான்கு மணிக்குத்தான் திறக்கும். போனை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே கூட வந்தவர்கள் பிரிந்தால் எந்தக் கோபுர வாசலில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நடை சாத்தியிருக்கும் நேரத்துக்குத் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. 1636இல் கட்டியது. நடந்தே போகலாம்.

மிச்ச நேரமெல்லாம் மதுரையின் புள்ளி போட்ட பருத்திச் சேலையான சுங்குடிக்கு. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததில் புள்ளிகள் சின்னதும் பெரிதுமாக இருக்கும். முடிச்சு இருந்த இடத்தைத் தடவினால் துணி லேசாகப் புடைத்திருக்கும். அச்சடித்ததில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, தடவினால் வழவழவென்று இருக்கும். நம்முடைய வெயிலுக்கு இரண்டும் நல்லதுதான், ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள், சாயம் போகும்.

இன்னொன்று, 400 ரூபா என்றதும் மலிவு என்று கை நீளும். இந்திய ரூபா ஒன்று நம்முடைய மூன்று ரூபாவுக்கும் மேல். பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். தையல்காரர்களைத் தேடி, முன்பு அவர்கள் கடை போட்டிருந்த, கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துக்குப் போகவேண்டாம், அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரம் என்ற கடைத்தொகுதிக்கு மாறிவிட்டன.