பழைய அமெரிக்க பெஸ்ட்செல்லர் ஒன்றை மதுரையில் கூடி வாசிப்பது எப்படி

உங்கள் வாசகர் வட்டத்தில் பழைய அமெரிக்க நாவல் ஏதாவது எடுக்கலாம் என்று யோசனை இருந்தால், ஹெரால்ட் பெல் ரைட் எழுதிய 'தி வின்னிங் ஆஃப் பார்பரா வொர்த்' எடுங்கள். 1911இல் வந்து சக்கைப்போடு போட்ட நாவல், இன்று அமெரிக்காவிலேயே தேடிப் படிப்பவர்கள் குறைவு. நம்மூருக்கு ஏன் இது என்றால், கலிபோர்னியாவின் பாலைவனத்துக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருகிற கதை. பெரியாறு தண்ணீரில் விளைந்த சோற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் பேச நிறைய இருக்கிறது.

ஆசிரியர் 1944இல் இறந்துவிட்டதால் காப்புரிமைப் பிரச்சினை இல்லை, பழைய புத்தகங்கள் கிடைக்கும் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முழுசும் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். பாலைவனத்தில் அநாதைக் குழந்தை பார்பராவைக் கண்டெடுக்கும் தொடக்கமும், கடைசியில் ஆறு உடைத்துக்கொண்டு வரும் அத்தியாயங்களும் போதும்.

கூட்டத்தில் முதலில் நிஜக்கதையைச் சொல்லிவிடுங்கள். கதையில் வரும் பாலைவனம் நிஜத்தில் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு. அதற்குத் தண்ணீர் விட்ட கம்பெனியின் கால்வாய் வண்டலில் அடைத்துக்கொள்ள, 1904இல் மெக்சிகோ பக்கக் கரையில் மதகே கட்டாமல் புதிதாக ஒரு வாய் வெட்டினார்கள். 1905 வெள்ளத்தில் அந்த வாய் அகன்று ஆறே உள்ளே திரும்பிவிட்டது. சதர்ன் பசிபிக் ரயில்வே, ரயில் ரயிலாகப் பாறையைக் கொண்டுவந்து கொட்டி 1907 பிப்ரவரியில்தான் அடைத்தது. அப்போது தேங்கிய தண்ணீர்தான் சால்டன் ஏரி.

அப்புறம் விவாதத்துக்கு வாருங்கள். நாவலில் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்திலிருந்து வரும் முதலாளி கெட்டவர், உள்ளூர் பேங்க்காரர் ஜெஃபர்சன் வொர்த் நல்லவர். பணம் போடுகிறவர் நல்லவராக இருந்தால் போதுமா, மதகு யார் கையில் இருக்க வேண்டும்? 1895இல் பென்னி குயிக் முடித்த அணை அரசாங்கத்துடையது, அதற்காக இங்கே தண்ணீர்ச் சண்டை இல்லாமலா போய்விட்டது? பேரணையில் திறந்த தண்ணீர் மேலூர்க் கடைமடைக்கு வந்து சேரும் கதை தெரிந்த விவசாயி ஒருவரையாவது கூப்பிடுங்கள், புத்தகம் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

நாவலுக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றித் தனியாகப் பேசுங்கள். ரைட் பாதிரியாராக இருந்தவர், எழுத்தில் பிரசங்க வாடை அடிக்கும், விமர்சகர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. நடையைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது நியாயம்தான். அதோடு நிறுத்திவிடாமல், யார் வாங்கினார்கள் என்று கேளுங்கள்: சிகாகோ பதிப்பாளர் விளம்பரத்துக்கு அள்ளிக் கொட்டி, தபாலிலும் விற்றார், அதனால் புத்தகக்கடையே இல்லாத ஊர்களுக்கும் நாவல் போய்ச் சேர்ந்தது. மெக்சிகோக்காரர்களும் பூர்வகுடிகளும் கதையில் ஓரமாகவே நிற்பதையும் மழுப்பாமல் பேசிவிடுங்கள்.

1926இல் ஊமைப்படமாகவும் வந்தது, கேரி கூப்பர் நடித்திருக்கிறார். அதைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் அப்புறம் புத்தகத்தை யாரும் தொடமாட்டார்கள்.