விர்ட்டியோ கியூவில் தொலையும் கிக்: எமுலேட்டர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெய்நிகர் கணினிக்கு (கெஸ்ட்) விர்ட்டியோ என்ற பொது வழிமுறையில் டிஸ்க், நெட்வொர்க் போன்ற சாதனங்களை எழுதிப் பழகுகிறவர்களின் நிரல்களை அடிக்கடி படிக்க நேர்கிறது. நான் தொடக்கத்தில் போட்ட அதே ஓட்டைகள் அச்சு மாறாமல் வருகின்றன. எண்டியன் (பைட் வரிசை) குழப்பம், டிஸ்க்ரிப்டர் (தரவு எங்கே, எவ்வளவு என்று சொல்லும் பதிவு) நீளத்தைப் பார்க்காமல் விடுவது போன்றவை சீக்கிரமே தாமாக வெளியே வந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம். இங்கே பேசப்போவது கிக் பற்றி மட்டும். அதாவது, கியூவில் வேலை போட்டிருக்கிறேன் என்று கெஸ்ட்டின் டிரைவர் சாதனத்துக்குக் கொடுக்கும் அறிவிப்பு. ஸ்பிளிட் கியூவை வைத்தே சொல்கிறேன்: டிரைவர் கோரிக்கைகளைப் போடுவது அவைலபிள் ரிங், சாதனம் முடித்தவற்றைத் திருப்பித் தருவது யூஸ்டு ரிங்.

கிக்கை எண்ணுவது

ஒரு கிக் வந்தால் ஒரு கோரிக்கை என்று கணக்குப் போடாதீர்கள். லினக்ஸில் கிக் பெரும்பாலும் ஈவென்ட்எஃப்டி என்ற கெர்னல் அறிவிப்பு வசதி வழியாக வருகிறது. அது வெறும் 64 பிட் கவுன்ட்டர். நீங்கள் படிப்பதற்குள் பத்து கிக் வந்திருந்தாலும் ஒரே ஒரு முறைதான் எழுப்பப்படுவீர்கள். எழுந்து பார்த்தால் ரிங் காலியாகவும் இருக்கலாம், அதுவும் தவறில்லை. எத்தனை வேலை இருக்கிறது என்பதை அவைலபிள் ரிங்கின் இண்டெக்ஸ்தான் (டிரைவர் எதுவரை போட்டிருக்கிறது என்ற எண்) சொல்லும். வேலை தீரும்வரை எடுத்துக்கொண்டே இருங்கள்.

வேலையை முடித்துவிட்டு கவுன்ட்டரைத் துடைப்பது

முதலில் கவுன்ட்டரைப் படித்துப் பூஜ்ஜியமாக்குங்கள், பிறகு ரிங்கைப் பாருங்கள். மாற்றிச் செய்தால் நடுவில் வந்த கிக் போச்சு.

அறிவிப்பைத் திறந்துவிட்டு அப்படியே தூங்கப்போவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கிக் ஒவ்வொன்றும் கெஸ்ட்டை நிறுத்தி, அதை ஓட்டும் ஹோஸ்ட்டுக்குள் வரவைக்கும் விஎம் எக்ஸிட். அது விலை அதிகம். அதனால் சாதனம் ஏற்கெனவே விழித்து வேலை செய்யும்போது, யூஸ்டு ரிங்கில் ஒரு கொடியை ஏற்றி ‘இப்போது கிக் வேண்டாம்’ என்று சொல்லிவைக்கும். ரிங் காலியானதும் கொடியை இறக்கி அறிவிப்பைத் திறந்துவிட்டுத் தூங்கும். படிக்கும்போது குறையே தெரியாது.

சரி, இப்போது நடுவே என்ன நடக்கிறது பாருங்கள். சாதனம் ரிங்கைப் பார்க்கிறது, காலி. அதே நொடியில் கெஸ்ட் ஒரு கோரிக்கையைப் போடுகிறது. கொடி இன்னும் மேலே இருப்பதால் கிக் கொடுக்காமல் போய்விடுகிறது. அதன் பிறகு சாதனம் கொடியை இறக்குகிறது, தூங்குகிறது. கோரிக்கை ரிங்கிலேயே கிடக்கிறது. சாதனம் கிக்குக்காகக் காத்திருக்கிறது, கெஸ்ட் பதிலுக்காகக் காத்திருக்கிறது.

நெட்வொர்க் என்றால் அடுத்த பாக்கெட்டின் கிக் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடும். எங்கோ கொஞ்சம் தாமதம் என்று நினைத்துக் கடந்துபோவீர்கள். டிஸ்க்கில் அந்தச் சலுகை இல்லை. அந்த ஒரு பதில் வராமல் கோப்பு முறைமை அடுத்த கோரிக்கையையே போடாமல் நிற்கலாம். பிறகு லினக்ஸ் கெஸ்ட்டில் ‘120 நொடிக்கு மேலாக முடங்கிக் கிடக்கிறது’ என்ற எச்சரிக்கை வரும்.

ஒரு இளைஞரின் டிஸ்க் சாதனத்தில் இதே கதை. சுமை கூடினால் எப்போதாவது உறையும். காரணம் தேட லாக் வரிகளைச் சேர்த்தார், உறைவது நின்றுவிட்டது. லாக் எழுதும் நேரத்தில் அந்தச் சின்ன இடைவெளி நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அவரோ ஹோஸ்ட் கெர்னல் மீது பழியைப் போட்டார். கடைசியில் சில மில்லிநொடிக்கு ஒருமுறை ரிங்கை எட்டிப்பார்க்கும் டைமர் ஒன்றை வைத்தார். சோதனைகள் எல்லாம் பச்சை. அப்புறம் வேறொருவர், சும்மா இருக்கும் கெஸ்ட் ஏன் ஹோஸ்ட்டை இப்படி எழுப்புகிறது என்று கேட்டு டைமரைத் தூக்கினார். உறைதல் திரும்பி வந்தது, பழி தூக்கியவர் தலையில். தயவுசெய்து டைமர் வைக்காதீர்கள். அது பிழையைத் தீர்ப்பதில்லை, ஒளித்துவைக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கொடியை இறக்குங்கள், முழு மெமரி பேரியர் (முன்னுள்ள எழுத்தும் பின்னுள்ள படிப்பும் வரிசை மாறாமல் தடுக்கும் கட்டளை) போடுங்கள், ரிங்கை இன்னொரு முறை பாருங்கள். ஏதாவது இருந்தால் கொடியை மறுபடி ஏற்றிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே விர்ட்டியோ வேலையைச் செய்யும் வீஹோஸ்ட்டில் அறிவிப்பைத் திறக்கும் ஃபங்ஷன் ‘புது வேலை வந்திருக்கிறதா’ என்பதையே விடையாகத் தருவது இதற்காகத்தான். ரஸ்ட் மொழியில் எமுலேட்டர் எழுத உதவும் ரஸ்ட்-விஎம்எம் நூலகத்திலும் அப்படியே. ஆனால் புதியவர்கள் ரஸ்ட்டில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுப் பிழையை மட்டும் கவனித்துவிட்டு, உள்ளே இருந்த பூலியனை (ஆம்/இல்லை விடையை) தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கம்பைலரும் வாய் திறக்காது.

எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி ப்ராசசர் வகை) பேரியர் தேவையில்லை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இந்த இடத்தில் அது செல்லாது. முன்னால் எழுதியது, எழுத்துகள் நினைவகத்துக்குப் போகுமுன் தங்கும் ஸ்டோர் பஃபரில் காத்திருக்கும்போதே பின்னால் உள்ள படிப்பை எக்ஸ்86 முடித்துவிடலாம். அக்வயர், ரிலீஸ் என்ற இலகுவான பேரியர் வகைகளும் போதாது. சாதனம் கொடியை எழுதி இண்டெக்ஸைப் படிக்கிறது, டிரைவர் இண்டெக்ஸை எழுதிக் கொடியைப் படிக்கிறது. இரு பக்கமும் நடுவில் முழு பேரியர் இருந்தால்தான் ஒருவராவது மற்றவர் எழுதியதைக் கட்டாயம் பார்ப்பார்.

ஈவென்ட் இண்டெக்ஸ் வசதியைச் சம்மதித்துவிட்டு மறப்பது

இந்த வசதியைக் குறிக்கும் 29-ஆம் பிட்டைச் சாதனம் அறிவித்து, டிரைவரும் ஏற்றுக்கொண்டுவிட்டால் கொடிக்கு மதிப்பில்லை. எந்த இண்டெக்ஸைத் தாண்டும்போது கிக் வேண்டும் என்று சாதனம்தான் எழுதிவைக்க வேண்டும். எழுத மறந்தால் அங்கே பூஜ்ஜியமே இருக்கும். கோரிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தால் முதலாவது ஒழுங்காக ஓடும், இரண்டாவதுக்குக் கிக்கே வராது. முதல் கோரிக்கை மட்டும் நடந்து பிறகு எல்லாம் நின்றால் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இண்டெக்ஸ் பெரியதா என்று ஒப்பிடுவது

அது 16 பிட். 65535-க்கு அடுத்தது 0. சமமா, இல்லையா என்று மட்டும் கேளுங்கள்.

விசிபியு (கெஸ்ட்டின் ப்ராசசரை ஓட்டும்) த்ரெட்டிலேயே டிஸ்க்கைப் படிப்பது

வேண்டாம்.

ஸ்னாப்ஷாட்டில் கிக்கை விட்டுவிடுவது

ரிங் கெஸ்ட்டின் நினைவகத்தில் இருப்பதால் ஸ்னாப்ஷாட்டோடு (கெஸ்ட்டின் நிலையைச் சேமித்த பதிவு) பத்திரமாக வந்துவிடும். ஈவென்ட்எஃப்டியில் தேங்கியிருந்த கிக் அப்படி வராது. ஆகவே மீட்டெடுத்ததும், இயங்கத் தயாராக உள்ள ஒவ்வொரு கியூவையும் நீங்களே ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். காலியாக இருந்தால் நஷ்டமில்லை. வேலை முடிந்தது என்று கெஸ்ட் பக்கம் போக வேண்டிய இன்டரப்ட்டுக்கும் இதே கதிதான், அதையும் ஒருமுறை அனுப்பிவிடுங்கள். வெறுமனே வந்த இன்டரப்ட்டை நல்ல டிரைவர் பொறுத்துக்கொள்ளும்.