முத்து வங்கியில் கணக்குத் தொடங்க முடியாது: 'பேங்க்' என்ற சொல்லில் வரும் தவறுகள்

கீழக்கரையில் பேங்க் என்றால் நகைக்கடனும் பாஸ்புக்கும்தான் நினைவுக்கு வரும். அதில் தப்பில்லை. மன்னார் வளைகுடா பற்றிய பழைய ஆங்கில அறிக்கையில் 'பேர்ல் பேங்க்' என்று வரும்போதும் அதே நினைப்பில் 'முத்து வங்கி' என்று எழுதிவிடுவதுதான் வம்பு.

அதற்கு நம் கடற்கரையிலேயே சொல் இருக்கிறது: பார். கடலடியில் மணலுக்கு நடுவே பாறையும் செத்த பவளமும் மேடிட்டுக் கிடக்கும் இடம். முத்துச்சிப்பி நூல் போன்ற இழைகளை விட்டுப் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்வது; வெறும் மணலில் அதற்குப் பிடிமானம் கிடையாது. அதனால்தான் முத்துப்பார். இந்தியப் பக்கத்தில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961 வரைதான். ஆனால் கலவாவும் விளமீனும் பாரை விட்டுப் போய்விடவில்லை. தூண்டில்காரர்கள் இன்றைக்கும் பார் பார்த்துத்தான் தூண்டில் போடுகிறார்கள்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க்கும் இந்த வகைதான், மீன் வளம் மிக்க கடலடி மேடு. அதை 'வாட்ஜ் வங்கி' ஆக்கினால், 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் ஏதோ கடன் பத்திரம் மாதிரி ஆகிவிடும். உண்மையில் இரண்டும் தனித்தனிச் சொற்கள். பணப் பேங்க், இத்தாலியில் காசு மாற்றுபவர்கள் போட்டிருந்த பலகையிலிருந்து வந்தது. மேடு, கரை என்ற பொருளுள்ளது வடஐரோப்பிய மொழிகளின் வழி வந்தது.

ஆற்றுக்கு வந்தால் கரை. இங்கே வேறொரு தவறு: 'லெஃப்ட் பேங்க்', 'ரைட் பேங்க்' என்பதை வரைபடத்தில் நம் கைப்பக்கம் பார்த்து முடிவு செய்வது. தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். வைகை கிழக்கே ஓடுகிறது. ஆகவே தென்கரையில் இருக்கும் பரமக்குடி வலது கரை, எதிரே எமனேசுவரம் இடது கரை.

மற்றவை சில்லறை. விமானம் 'பேங்க்' ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புகிறது என்று பொருள். 'கிளவுட் பேங்க்' என்பது திரண்ட மேகம். ஒருவரை 'பேங்க் ஆன்' செய்வது அவரை நம்பியிருப்பது. பிரிட்டனில் 'பேங்க் ஹாலிடே' என்றால் பொது விடுமுறை, வங்கி ஊழியர்களுக்கு மட்டும் கிடைப்பதல்ல.

எல்லா இடத்திலும் வங்கியைத் துரத்த வேண்டாம். இரத்த வங்கி சரியான சொல், சேமிப்பு என்ற பொருள் அங்கே பொருந்துகிறது. பவர் பேங்கை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். 'மின்வங்கி' என்று கேட்டால் செல்போன் கடைக்காரர் உங்களை மின்வாரியத்துக்கு அனுப்பிவிடுவார்.