ஒரே பலகையில் ஒரு முக்காலி உயர மணை: வீட்டிலேயே மரவேலை தொடங்க

மரவேலை கற்க ஆசைப்படுகிற பலர் முதலில் மெஷின்களைத்தான் தேடுகிறார்கள். முதல் சாமானுக்கு அவை தேவையில்லை. ஒரு பலகை, ஒரு கை ரம்பம், ஒரு டிரில், செங்கோணத்தில் கோடு போட ஒரு மூலைமட்டம் போதும். சாமான் நேராக வருமா, கோணலாகப் போகுமா என்பது பெரும்பாலும் ரம்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே, கோடு போடும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த விளக்கத்தில் கோடு போடுவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

செய்யப் போவது உட்கார ஒரு சின்ன மணை. உயரம் 270 மி.மீ., நீளம் 450 மி.மீ. மேலே ஒரு பலகை, இரண்டு பக்கமும் காலாக நிற்க இரண்டு பலகை, அவற்றை இணைத்துப் பிடிக்க இரண்டு சட்டம். எல்லாமே ஒரே பலகையிலிருந்து வரும்.

தேவையானவை

200 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம், 1400 மி.மீ. நீளம் உள்ள காய்ந்த மரப்பலகை ஒன்று. டேப், மூலைமட்டம், பென்சில், கூரான கத்தி, கை ரம்பம், டிரில், இரண்டு கிளாம்ப், வெள்ளை மரப்பசை, 4 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. நீளமும் உள்ள ஸ்க்ரூ 14, உப்புத்தாள் 80, 120, 180 எண்களில். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. உப்புத்தாள் தேய்க்கும்போது பறக்கும் மெல்லிய தூள் நுரையீரலின் ஆழம் வரை போகும்.

1. பலகையைத் தேர்ந்தெடுங்கள்

பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து, மறுமுனை வரை பாருங்கள். வில் போல் வளைந்திருந்தாலும் முறுக்கியிருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். முறுக்கிய பலகையை வாங்கவே வேண்டாம். கைக்கருவியால் அதைச் சரிசெய்வது தொடக்கக்காரர்களுக்கு மிகக் கடினம். சின்னக் கணுக்கள் இருக்கலாம், ஆனால் வெட்டும் இடத்திலும் ஸ்க்ரூ போகும் இடத்திலும் கணு வரக் கூடாது.

வாங்கியதும் வெட்டாதீர்கள். மணை எந்த அறையில் இருக்கப் போகிறதோ அந்த அறையிலேயே ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், காற்று எல்லாப் பக்கமும் படும்படி வையுங்கள். மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், விடும். அப்போது ரேகை ஓடும் திசையில், அதாவது நீளத்தில், ஏறக்குறைய மாற்றமே இருக்காது. அகலத்தில்தான் விரிந்து சுருங்கும். மரச்சாமான்கள் காலப்போக்கில் வெடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். விரிய நினைக்கும் பலகையை விரியவிடாமல் குறுக்கே இன்னொரு கட்டை பிடித்துக்கொண்டால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நம் மணையில் அந்தச் சிக்கல் பெரிதாக வராது. மேல்பலகையின் அகலமும் கால்பலகைகளின் அகலமும் ஒரே திசையில் இருக்கின்றன; ஒரே பலகையிலிருந்து வந்ததால் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரியும், சுருங்கும். சட்டங்கள் நீளவாக்கில் ஓடுவதால் அவை மேல்பலகையோடு சண்டை போடாது. எளிமையாகத் தெரியும் இந்த வடிவத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம்.

2. கோடு போடுங்கள்

முதலில் மூலைமட்டத்தைச் சோதியுங்கள். பலகையின் நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைத் திருப்பிப்போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை.

வெட்ட வேண்டிய துண்டுகள்: மேல்பலகை 450 மி.மீ. ஒன்று, கால் 250 மி.மீ. இரண்டு, சட்டத்துக்கு 310 மி.மீ. ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குறித்துவிடாதீர்கள். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் ஒன்று, ஒன்றரை மி.மீ. மரத்தைத் தின்னும், முன்கூட்டியே குறித்தால் ஒவ்வொரு துண்டும் அந்த அளவு குறைந்துகொண்டே போகும். ஒன்றைக் குறியுங்கள், வெட்டுங்கள், அப்புறம் அடுத்ததைக் குறியுங்கள்.

கோட்டைப் பென்சிலில் போட்ட பிறகு, மூலைமட்டத்தை அங்கேயே பிடித்து, கத்தியால் லேசாக இரண்டு மூன்று முறை கீறுங்கள். கத்தி மேல் நார்களை முன்பே அறுத்துவிடுவதால் ரம்பம் போகும்போது விளிம்பு பிசிறடிக்காது. முகத்தில் மட்டும் நிறுத்தாமல் இரண்டு விளிம்பிலும் பின்புறத்திலும் கோட்டைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர வேண்டும். சேராவிட்டால் பலகையின் விளிம்பு நேராக இல்லை என்று அர்த்தம். நேரான ஒரு விளிம்பை மட்டும் வைத்து எல்லாக் கோட்டையும் போடுங்கள். வேண்டாத பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவையுங்கள். என் முதல் பலகையில் இந்தக் குறியைப் போடாமல் கோட்டின் தவறான பக்கத்தில் அறுத்துவிட்டேன். இரண்டு கால்களும் ஒரே உயரத்துக்கு வரவேயில்லை.

3. அறுங்கள்

பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பெருக்கல் குறி உள்ள பக்கத்தில், கோட்டை ஒட்டி, கோடு அழியாமல் அறுக்க வேண்டும். முதல் சில இழுப்பு மெதுவாக, எடை கொடுக்காமல். ரம்பத்தை அழுத்த வேண்டாம்; அழுத்தினால்தான் அது கோணும். முழு நீளத்துக்கும் இழுத்துத் தள்ளுங்கள். முடியப்போகும்போது தொங்கும் துண்டை இன்னொரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது முறிந்து விளிம்பைப் பெயர்த்துவிடும்.

310 மி.மீ. துண்டை முதலில் குறுக்கே வெட்டிவிட்டு, பிறகு நீளவாக்கில் நடுவே இரண்டாக அறுங்கள். இப்படிச் செய்தால் இரண்டு சட்டமும் தானாகவே ஒரே நீளம். மணை கோணாமல் நிற்பதற்கு இந்த இரண்டும் சமமாக இருப்பதுதான் முக்கியம். 310 என்பது 309 ஆனால் ஒன்றும் ஆகாது.

கால்கள் இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு, கட்டையில் சுற்றிய 80 உப்புத்தாளால் முனைகளைச் சமப்படுத்துங்கள். அடிப்பக்க நடுவில் 120 மி.மீ. அகலம், 60 மி.மீ. உயரத்தில் ஒரு முக்கோணத்தை இரண்டு சாய்வு வெட்டால் எடுத்துவிடுங்கள். தரை கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலும் மணை அதிகம் ஆடாமல் நிற்கும்.

4. துளை போடுங்கள்

சட்டங்கள் கால்பலகையின் விளிம்பிலிருந்து 20 மி.மீ. உள்ளே தள்ளி உட்காரும். சட்டத்தின் கனம் 20. ஆகவே அதன் நடு, விளிம்பிலிருந்து 30 மி.மீ. கால்களிலும் மேல்பலகையிலும் இந்த 30 மி.மீ. கோட்டின் மேல்தான் துளைகள். கால்பலகையில், ஒவ்வொரு சட்டத்துக்கும் மேல் முனையிலிருந்து 25, 75 மி.மீ.யில் இரண்டிரண்டு துளை. மேல்பலகையில் சட்டத்துக்கு மூன்று.

வெளிப்பலகையில், அதாவது காலிலும் மேல்பலகையிலும், 4.5 மி.மீ. துளை, சட்டத்தில் 2.5 அல்லது 3 மி.மீ. துளை. வெளித்துளையில் ஸ்க்ரூ தாராளமாகப் போய்வர வேண்டும். அப்போதுதான் அது இரண்டு பலகையையும் இழுத்து இறுக்கும். துளை போடாமல் நேரே திருகினால் முனையில் மரம் பிளந்துவிடும். ஸ்க்ரூ தலை மட்டமாக உட்கார, துளையின் வாயைக் கொஞ்சம் குழித்துக்கொள்ளுங்கள்.

5. பூட்டுங்கள்

பசை இல்லாமல் ஒருமுறை முழுவதும் பூட்டிப் பாருங்கள். சரி என்றால் பிரித்துப் பசை தடவுங்கள். சட்டத்தின் வெட்டுமுகம் பசையைக் குடித்துவிடும். அங்கே மெல்லியதாகத் தடவி, சில நிமிடம் விட்டு, மறுபடி தடவ வேண்டும். முதலில் கால்களையும் சட்டங்களையும் இணையுங்கள். மேலிருந்து பார்த்தால் சட்டகம் ஒரு செவ்வகம். அதன் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன என்று அர்த்தம். இல்லாவிட்டால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் கையால் நெருக்குங்கள், பசை ஈரமாக இருக்கும்போதே நகரும். பிறகு மேல்பலகையை இரு பக்கமும் சமமாகத் தள்ளிநிற்கும்படி வைத்துத் திருகுங்கள். சட்டத்தின் நீள விளிம்பும் மேல்பலகையும் ஒட்டும் இடம்தான் இந்த மணையிலேயே பலமான ஒட்டு. வழியும் பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். ஒரு நாள் முழுக்க அதன் மேல் உட்கார வேண்டாம்.

6. தேய்த்து எண்ணெய் பூசுங்கள்

80, 120, 180 என்ற வரிசையில், எப்போதும் ரேகையின் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். கூரான விளிம்புகளையெல்லாம் லேசாக மழுக்கிவிடுங்கள். தூளை நன்றாகத் துடைத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடையுங்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு.

அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகே எறியுங்கள்.