பழைய டேனரி நிலம் வாங்கப் போறீங்களா? ஜேசிபிய கூப்பிடறதுக்கு முன்னாடி மண்ணைப் பாருங்க

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் மூடிக் கிடக்கற டேனரி (தோல் பதனிடற தொழிற்சாலை) இடங்கள் இப்போ பிளாட்டுக்கும் குடோனுக்கும் கைமாறிட்டே இருக்கு. வாங்கறவங்க பெரும்பாலும் செய்யறது என்னன்னா, பத்திரம் முடிஞ்ச மறுவாரமே ஜேசிபிய விட்டு ஷெட்டை இடிச்சு, தொட்டிய மூடி, மேல நாலு லோடு கிராவல் அடிச்சு சமன் பண்ணிடறாங்க. அத மட்டும் செய்யாதீங்க. எந்த மூலையில விஷம் இருந்துச்சோ அது நிலம் முழுக்க பரவிடும், எங்க இருந்துச்சுங்கற அடையாளமும் அழிஞ்சிடும், அப்புறம் சுத்தம் பண்ற செலவு எங்கயோ போயிடும். மண்ணைத் தொடறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஆய்வு பத்திதான் இங்க எழுதறேன்.

முதல் வேலை பேப்பர்லதான். வில்லங்கம் போடும்போது பதிமூணு வருஷம் முப்பது வருஷம்னு நிறுத்தாம எவ்ளோ பின்னாடி கிடைக்குதோ அவ்ளோ போடுங்க, யார் யாருக்கு வித்தாங்கன்னு மட்டும் பாக்காம அடமானத்தையும் பாருங்க, மெஷினரி லோனுக்கு பேங்க்ல வெச்சிருந்தா அங்க எந்தக் காலத்துல தொழில் நடந்துச்சுன்னு அதுலயே தெரிஞ்சிடும். தாய் பத்திரத்துல நாலு எல்லை எழுதியிருப்பாங்க இல்ல, அதுல பக்கத்து நிலம் "தோல் ஷாப்பு"ன்னோ "சுண்ணாம்பு குழி"ன்னோ இருந்தா குறிச்சு வைங்க, ஏன்னா உங்க இடம் சுத்தமா இருந்தாலும் பக்கத்துல இருந்து தண்ணி வழியா வரும். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த கன்சென்ட் ஆர்டர் (தொழில் நடத்த அனுமதி) காப்பிய ஆர்டிஐல பத்து ரூபா கட்டி கேளுங்க, ஒரு நாளைக்கு எவ்ளோ தோல், எவ்ளோ கழிவு நீர், எங்க விட்டாங்கன்னு அதுல இருக்கும். கூகுள் எர்த்ல பழைய வருஷ படங்களைத் தள்ளித் தள்ளி பாருங்க, இப்போ புல் முளைச்சு கிடக்கற இடத்துல அப்போ சோலார் பான் (கழிவு நீரை வெயில்ல காய வைக்கற தொட்டி) இருந்திருக்கும். அப்புறம் அங்க வேலை செஞ்ச பெரியவர் யாராவது தெருவுல இருப்பார், அவர்கிட்ட "ஐயா, கழிவை எங்க கொட்டுவாங்க"ன்னு கேளுங்க. எந்த ரிப்போர்ட்லயும் இல்லாதது அவருக்குத் தெரியும்.

அடுத்து நேர்ல போய் நடங்க, முடிஞ்சா வெயில் காலத்துல. ஈரம் காயும்போது உப்பு மேல ஏறி சுவத்தோட அடிப்பாகத்துல பூத்து நிக்கும், வெள்ளையா இருந்தா தோல் பதப்படுத்தின உப்பா இருக்கலாம், எலுமிச்சை மஞ்சளா இருந்தா அது ஹெக்ஸாவேலன்ட் குரோமியமா, அதாவது குரோமியம்ங்கற உலோகத்தோட விஷமான வகையா இருக்கலாம், கையால தொடாதீங்க. மண்ணைக் கொஞ்சம் கிளறினா வெளிர் நீல நிறத்துல சீவல் மாதிரி வருதா, அது வெட் ப்ளூ தோலை (குரோமியம் போட்டு பதனிட்ட நீல நிற ஈரத் தோல்) ஷேவிங் பண்ணின தூள். பழைய தொட்டி, மேன்ஹோல் எதுலயும் இறங்காதீங்க, உள்ள தேங்கி நிக்கற வாயு ஒரே மூச்சுல ஆளை சாய்ச்சிடும். டேனரி கழிவு எவ்ளோ ஆபத்தானதுன்னா, 2015 ஜனவரியில ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவுத் தொட்டி சுவர் உடைஞ்சு பத்து பேர் செத்தாங்க.

குரோமியத்துல ரெண்டு ஜாதி இருக்குங்கறத இங்க புரிஞ்சுக்கணும். டேனரியில போடறது ட்ரைவேலன்ட், அது மண்ணோட ஒட்டிக்கும், அவ்ளோ சீக்கிரம் நகராது. ஹெக்ஸாவேலன்ட் தண்ணியில கரைஞ்சு ஓடும், புற்றுநோய் வர வைக்கும். ராணிப்பேட்டையில 1990கள்ல மூடின குரோமேட் கம்பெனி விட்டுட்டுப் போன ஒரு லட்சம் டன்னுக்கு மேலான கழிவுல இருந்து மஞ்சள் தண்ணி கசிஞ்சதுக்கு இதுதான் காரணம். அதனால லேப்ல டோட்டல் குரோமியம் மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, டோட்டல், ஹெக்ஸாவேலன்ட் ரெண்டையும் தனித்தனியா கேளுங்க.

இப்போ சாம்பிள். எஃப்எம்பி ஸ்கெட்ச்ச (சர்வே நில அளவை வரைபடம்) ஜெராக்ஸ் போட்டு, தோல் பதனிடற ட்ரம் இருந்த இடம், சுண்ணாம்பு குழி, கெமிக்கல் ரூம், கழிவு வாய்க்கால், கிணறு எல்லாத்தையும் அதுல வரைங்க, தண்ணி எந்தப் பக்கம் சரியுதுன்னு அம்புக்குறி போடுங்க. சந்தேகமான இடத்துல எல்லாம் குழி போடணும், மீதி நிலத்துல கட்டம் கட்டி பரவலா எடுக்கணும். ஒவ்வொரு குழியிலயும் மேல் அரை அடி, அப்புறம் ஒன்றரை அடி, மூணு அடின்னு தனித்தனியா எடுங்க, மூணு அடியிலயும் நிறம் மாறியிருந்தா இன்னும் கீழ போங்க. செலவு மிச்சம்னு பத்து குழி மண்ணை ஒண்ணா கலந்து ஒரே சாம்பிளா கொடுக்கச் சொல்வாங்க, ஒத்துக்காதீங்க, ஒரு குழியில இருக்கற விஷம் ஒன்பது குழி நல்ல மண்ணுல கரைஞ்சு ரிசல்ட் நல்லா வந்துடும். மேட்டுப் பக்கம் தொழிலே நடக்காத ஒரு நிலத்துலயும் சாம்பிள் எடுக்கணும், மண்ணுல இயற்கையாவே கொஞ்சம் குரோமியம் இருக்கும், அது எவ்ளோன்னு தெரியாம உங்க நம்பரை எதோட ஒப்பிடுவீங்க?

தண்ணியில ஆழ போரை மட்டும் நம்பாதீங்க, திறந்த கிணறு இருந்தா அதையும் எடுங்க, மாசு முதல்ல மேல் தண்ணியிலதான் தெரியும். போர்ல கொஞ்ச நேரம் ஓட விட்டு பழைய தண்ணி போனப்புறம் பிடிங்க. டோட்டல் மெட்டலுக்கு நைட்ரிக் ஆசிட் விட்ட பாட்டில், ஹெக்ஸாவேலன்ட்டுக்கு ஆசிட் இல்லாத தனி பாட்டில், அத ஐஸ் பாக்ஸ்ல வெச்சு 24 மணி நேரத்துக்குள்ள லேபுக்கு கொண்டு போயிடணும். ஆசிட் பட்டா ஹெக்ஸாவேலன்ட் ட்ரைவேலன்ட்டா மாறிடும், அப்புறம் ரிப்போர்ட்ல இல்லைன்னு வரும். லேபுக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இருந்தா மட்டும் பத்தாது, இந்த டெஸ்ட் அவங்க அங்கீகாரப் பட்டியல்ல (ஸ்கோப்) இருக்கான்னு பாருங்க.

ரிசல்ட் வந்ததும் வரம்போட ஒப்பிட்டுப் பாருங்க. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500ல டோட்டல் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதுக்கு மேல இருந்தா குடிக்கவே கூடாது. மண்ணுக்கு கனடா அளவை ஒப்பிட்டுப் பாக்கலாம், குடியிருப்புக்கு கிலோவுக்கு டோட்டல் 64 மில்லிகிராம், ஹெக்ஸாவேலன்ட் வெறும் 0.4. தாண்டினா உடனே தோண்டணும்னு இல்ல, எவ்ளோ ஆழம், எவ்ளோ பரப்பு, யார் கிணறு பக்கத்துல இருக்குன்னு இன்னொரு ரவுண்டு விரிவா பாக்கணும், மழைக்கு முன்னாடி ஒருதடவை பின்னாடி ஒருதடவை தண்ணிய டெஸ்ட் பண்ணணும்.

பண விஷயம் ஒண்ணு. முழு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே அக்ரிமென்ட்ல "மண், தண்ணி ரிப்போர்ட் வந்த பிறகே கிரயம், மோசமா வந்தா அட்வான்ஸ் திரும்ப"ன்னு ஒரு வரி எழுதி வாங்கிடுங்க. கெடுத்தவங்கதான் செலவு பண்ணணும்னு சுப்ரீம் கோர்ட் 1996ல வேலூர் டேனரி வழக்குலயே சொல்லிடுச்சு, மாசுபட்ட இடங்களுக்குன்னு மத்திய அரசு 2025ல தனி விதியும் கொண்டு வந்திருக்கு, ஆனா கெடுத்த கம்பெனியே இல்லாமப் போயிட்டா நீங்கதான் அலையணும்.

ரிப்போர்ட் மோசமா இருந்தா வாரியத்துக்கு எழுத்துல கொடுங்க. சாம்பிள் எடுத்தப்போ வெளிய வந்த மண்ணை தார்பாய் விரிச்சு மூடி வைங்க, ரோடு போடறவங்களுக்கோ செங்கல் சூளைக்கோ தூக்கிக் கொடுத்துடாதீங்க, அபாயக் கழிவுன்னு வந்தா அது போக வேண்டிய இடம் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இருக்கற அதுக்கான கிடங்குதான், அனுமதி உள்ள வண்டியில, ரசீதோட.